பழைய வேட்டி, கஞ்சி, பட்டர் பேப்பர்: மெஷின் எம்பிராய்டரிக்கு வீட்டுப் பொருள்களே ஸ்டெபிலைசர் ஆகுமா? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை பக்கம் வீட்டிலேயே எம்பிராய்டரி மெஷின் ஓட்டும் நம் பெண்களுக்கு ஓயாத தொந்தரவு ஒன்று உண்டு. அதுதான் தைக்கும்போது துணி சுருங்காமலிருக்க அடியில் வைக்கிற பேக்கிங் பேப்பர், அதாவது ஸ்டெபிலைசர். வேண்டிய ரகம் வேண்டிய நேரத்தில் வேண்டுமென்றால் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏற வேண்டும், இல்லையென்றால் ஆன்லைனில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஓணம் நெருங்குகிற நேரத்தில் கையிருப்பு தீர்ந்துவிட்டால், வீட்டில் என்ன இருக்கிறது என்று கண் தேட ஆரம்பித்துவிடும். கோபாலபுரம், மீனாட்சிபுரம், வேலந்தாவளம், பாலக்காட்டுச் சித்தூர் எனப் பல பக்கமிருந்தும் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எல்லாமே வீட்டில் வைத்து ஓட்டும் ஒற்றை ஊசி கம்ப்யூட்டர் மெஷினுக்கான பதில்கள்.

அக்கா, ஸ்டெபிலைசர் கட்டாயம் வேண்டுமா? ஃபிரேமில் நன்றாக இறுக்கி மாட்டினால் போதாதா?

போதாது. ஒவ்வொரு தையலும் துணியைத் தன் பக்கம் கொஞ்சம் இழுக்கிறது. பூ இதழ் மாதிரி நிறைத்துத் தைக்கிற இடத்தில், ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே சுமார் 0.4 மில்லிமீட்டர்தான் இருக்கும். அப்படியென்றால் ஒரே அங்குலத்தில் 60-க்கு மேல் வரிகள். இத்தனை இழுப்பை மெல்லிய துணி தனியாகத் தாங்காது. தையல் ஓடுகிற திசையில் துணி குறுகும், அதற்குக் குறுக்கே பிதுங்கும். வட்டமாகப் போட்ட பூ முட்டை வடிவத்தில் வருவதும், கடைசியில் ஓடுகிற அவுட்லைன் பூவை விட்டுத் தள்ளி நிற்பதும் இதனால்தான்.

ஃபிரேம் பிடிப்பது துணியின் ஓரத்தை மட்டுமே. நடுவில் பிடிப்பதற்கு அடியில் ஒன்று வேண்டும். துணியை இன்னும் இழுத்து இறுக்கினால் சரியாகும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஃபிரேமைக் கழற்றியதும் இழுபட்ட துணி பழைய நிலைக்குத் திரும்பிவிடும், தைத்த நூல் திரும்பாது. டிசைனைச் சுற்றிச் சுருக்கம் விழும். அதை எந்த இஸ்திரியும் எடுக்காது.

கடையில் மூன்று வகை உண்டு. தைத்த பிறகு சுற்றி வெட்டிவிட்டு உள்ளே நிரந்தரமாக விடுவது, கிழித்து எடுப்பது, தண்ணீரில் கரைப்பது. வீட்டில் எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும், இந்த மூன்றில் யாருடைய வேலையை இது செய்யப்போகிறது என்று முதலில் பாருங்கள். அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

சுருக்கமாகச் சொல்லுங்கள், வீட்டில் இருப்பதில் எதுவெல்லாம் உண்மையிலேயே உதவும்?

துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்தி வேட்டி, கஞ்சி, பட்டர் பேப்பர், ஆர்கன்சா வெட்டுத்துண்டு. இந்த நான்கையும் நம்பி வேலை செய்யலாம். ஜவுளிக்கடையில் கொடுக்கும், துணி மாதிரித் தெரிகிற நான்-ஓவன் பைக்குச் சில இடங்களில் மட்டும் அனுமதி. நியூஸ் பேப்பர், பால் கவர் இரண்டையும் நான் பரிந்துரைப்பதில்லை. காரணங்களைக் கீழே தனித்தனியாகச் சொல்கிறேன்.

பழைய வேட்டியை எப்படித் தயார் செய்வது?

வீட்டுப் பொருள்களில் என் முதல் ஓட்டு இதற்குத்தான். பல வருஷம் துவைத்த வேட்டி எவ்வளவு சுருங்க வேண்டுமோ அவ்வளவும் சுருங்கி முடித்திருக்கும். அதனால் தைத்த பிறகு அது மேல்துணியைப் பிடித்து இழுக்காது. உடம்பில் உறுத்தாது, இஸ்திரிக்கு உருகாது. குழந்தை ஜிப்பா, கைக்குழந்தைக்கான துண்டு போன்றவற்றுக்குக் கடையில் விற்கும் மொடமொடப்பான பேப்பரைவிட இதையே வைக்கச் சொல்வேன்.

தயாரிப்பில்தான் கவனம் வேண்டும். பாலியஸ்டர் கலந்த வேட்டி ஆகாது, அது கஞ்சியைப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். முழுப் பருத்தியாக, கரை நீக்கி, நைந்து ஓட்டை விழாத பகுதியாகப் பாருங்கள். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் எங்கே இழை விட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். துவைத்த துணியைக் கெட்டிக் கஞ்சியில் முக்கிப் பிழிந்து, கொடியில் ஒட்டாமல் விரித்துப் போடுங்கள். முழுதாகக் காயவிடாமல், கொஞ்சம் ஈரப்பதம் இருக்கும்போதே இஸ்திரி போட வேண்டும். இஸ்திரிப் பெட்டியை நேராக, நூலோட்டத்தோடு நகர்த்துங்கள். கோணலாகத் தேய்த்தால் துணியும் கோணலாகவே கஞ்சி பிடித்து நின்றுவிடும். சரியாக வந்திருந்தால், ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கும்போது துணி தொங்காமல் விறைப்பாக நிற்கும். விரலால் தட்டினால் தாள் போலச் சத்தம் வரும்.

இனி வெட்டுவது. ஃபிரேமின் நான்கு பக்கமும் ஒன்றரை அங்குலமாவது கூடுதலாக இருக்கட்டும். ஒரே அடுக்கு சின்ன டிசைனுக்குப் போதும். கொஞ்சம் நிறைவான டிசைன் என்றால் இரண்டு அடுக்கு வேண்டும். அந்த இரண்டாவது துண்டை மட்டும் மூலைவாக்கில், அதாவது முதல் துண்டின் நூலோட்டத்துக்கு 45 டிகிரி சாய்வாக வெட்டி வையுங்கள். நெய்த துணி நேராக இழுத்தால் நீளாது, மூலைவாக்கில் இழுத்தால் நீளும். ஒரு துண்டு பலவீனமாக இருக்கிற திசையில் இன்னொரு துண்டு பலமாக இருக்கும். இரண்டு அடுக்கையும் ஒரே திசையில் வைத்துவிட்டு, சுருக்கம் ஏன் வந்தது என்று கேட்பவர்கள்தான் அதிகம்.

தைத்த பிறகு டிசைனைச் சுற்றிக் கால் அங்குலம் விட்டு வெட்டிவிடுங்கள். மூலைகளை வளைவாக வெட்டினால் மேல்பக்கம் தடம் தெரியாது. வெள்ளை ரவிக்கை, மெல்லிய வெள்ளைப் புடவைக்கு மஞ்சள் படிந்த வேட்டியை வைக்காதீர்கள். பின்னாலிருந்து நிறம் தெரியும்.

புதுக் காடா துணி வாங்கி வைத்தால் இன்னும் கெட்டியாக இருக்குமே?

கெட்டியாக இருக்கும், ஆனால் முதல் துவைப்பில் சுருங்கும். அது சுருங்கும்போது மேலே இருக்கிற டிசைனையும் சேர்த்து இழுக்கும். இரண்டு மூன்று முறை வெந்நீரில் அலசிக் காயவைத்த பிறகு எடுத்தால் பரவாயில்லை.

கஞ்சி மட்டும் போட்டுவிட்டு, அடியில் எதுவும் வைக்காமல் தைக்கலாமா? ஓணத்துக்குச் சரிகைக் கரை போட்ட கசவுப் புடவையில் மயில் கேட்கிறார்கள்.

கோட்டு டிசைன் என்றால் தைக்கலாம். ஒற்றை ஓட்டத் தையல், மெல்லிய கொடி, சின்ன எழுத்து இதெல்லாம் நல்ல கெட்டிக் கஞ்சியிலேயே சுத்தமாக வரும். கஞ்சி தண்ணீரில் போய்விடுகிறது, பின்னால் எதுவும் மிஞ்சாது. தண்ணீரில் கரைகிற வகைக்கு நம் வீட்டில் இருக்கிற ஒரே நல்ல மாற்று இதுதான். தோகை முழுக்க நிறைத்த மயிலுக்குக் கஞ்சி மட்டும் போதாது.

கஞ்சிக்கு அரை லிட்டர் தண்ணீரில் 2 மேசைக்கரண்டி சோளமாவு போதும். மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மீதித் தண்ணீர் கொதிக்கும்போது ஊற்றிக் கிளறுங்கள். வெண்மை மாறிக் கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கலாம். சோற்றுக் கஞ்சியும் நல்லதுதான், ஆனால் துணியில் வடிகட்ட வேண்டும். ஒரு பருக்கைத் துணுக்கு காய்ந்து ஒட்டியிருந்தாலும் ஊசி அங்கே இடறும். ஜவ்வரிசிக் கஞ்சி இன்னும் கெட்டியாக நிற்கும்.

கசவு விஷயத்துக்கு வருகிறேன். குத்தாம்புள்ளி, பாலராமபுரம் புடவைகளுக்குப் புவிசார் குறியீடே உண்டு. கைத்தறியில் நெய்த அந்தத் துணியில் பாவு நூலுக்கு ஏற்றிய கஞ்சி ஏற்கெனவே இருக்கும், அதனால் புதுசாக வரும்போது கொஞ்சம் விறைப்பாகவே இருக்கும். அந்த விறைப்பை நம்பி ஏமாந்துவிடக் கூடாது. அடியில் ஒரு அடுக்கு வெள்ளை வேட்டித் துணி, டிசைனில் நெருக்கத்தை 0.4-லிருந்து 0.5 மில்லிமீட்டருக்குத் தளர்த்துவது, தோகையை முழுக்க நிறைக்காமல் இடைவெளி விட்ட டிசைனாகத் தேர்ந்தெடுப்பது, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் புடவை தொங்குகிற அழகு கெடாது. நூல் பாலியஸ்டர் என்றால் அது சுருங்காது, பருத்திப் புடவை முதல் துவைப்பில் சுருங்கும். நெருக்கமான டிசைன் அன்றைக்கு அழகாக இருந்துவிட்டு, ஓணம் கழிந்து துவைத்ததும் சுருங்கி நிற்பதற்கு அதுதான் காரணம்.

கரையிலிருந்து ஒரு விரல் தள்ளியே டிசைன் வையுங்கள். சரிகை மேல் ஊசி நெருக்கமாக இறங்கினால் அந்தத் தட்டை இழை அறுந்து பிசிறு எழும்பும். ஃபிரேமும் கரையைக் கடிக்கக் கூடாது. உள் வளையத்தில் பழைய வேட்டியைக் கீற்றாகக் கிழித்துச் சுற்றிவிட்டால் துணி வழுக்கவும் வழுக்காது, தடமும் விழாது. இஸ்திரி போடும்போது கரை மேல் ஒரு துணி போட்டு, சூட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். இப்போது வருகிற சரிகையில் பல பாலியஸ்டர் சரிகைதான்.

மழைக்காலத்தில் கஞ்சி காயவே மாட்டேன் என்கிறதே?

ஜூனில் மழை பிடித்துவிட்டால் நம் பக்கம் இதே கதைதான். காற்றிலிருக்கும் ஈரத்தை ஸ்டார்ச் இழுத்துக்கொள்ளும். காலையில் விறைப்பாக வைத்த துணி சாயங்காலம் துவண்டு கிடக்கும். அதனால் கஞ்சி போட்டு இஸ்திரி முடிந்த உடனே தைத்துவிட வேண்டும், எடுத்து வைக்கக் கூடாது. ஃபிரேமில் மாட்டுவதற்கு முன் ஒருமுறை சூடு காட்டிக்கொள்ளுங்கள். ஈரவாடை வந்தால் அந்தத் துணியைத் தூக்கி வைத்துவிடுங்கள், பூஞ்சைக் கறை லேசில் போகாது. பேப்பர் வகையும் மழைக்காலத்தில் ஈரம் ஏறித் துவளும்.

இன்னொன்று, கஞ்சியைத் துணியில் விட்டு வைக்காதீர்கள். கரப்பானும் ராமபாணப் பூச்சியும் ஸ்டார்ச்சைத் தேடி வரும். வேலை முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து அலசிக் காயவைத்துக் கொடுப்பதே நல்லது. புதுப் புடவையை நனைக்க வேண்டாம் என்று கேட்பவர்களிடம், பீரோவில் வைப்பதற்கு முன் அலசச் சொல்லுங்கள்.

நியூஸ் பேப்பர் வைத்துத்தானே டெய்லர்கள் ஜார்ஜெட் தைக்கிறார்கள்? எம்பிராய்டரிக்கும் ஆகாதா?

டெய்லர் ஜார்ஜெட் வழுக்காமலிருக்க அடியில் வைத்து ஒரே ஒரு தையல் ஓட்டுகிறார், பிறகு கிழித்துவிடுகிறார். ஒரு வரி துளைக்கு அது தாங்கும். எம்பிராய்டரியில் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான துளை விழுகிறது. நியூஸ் பேப்பரின் நார் குட்டையானது. பாதி டிசைன் ஓடும்போதே பேப்பர் பொடிந்து துணியை விட்டு விலகிவிடும், மீதிப் பாதிக்குப் பிடிமானமே இல்லாமல் போகும். அதற்கு மேல் மை. வெள்ளைத் துணியில் ஒட்டினால் சாம்பல் நிறத்தில் படிந்து நிற்கும், வெளிர் நூலையும் அழுக்காக்கும். தைத்து முடித்து ஊசி இறங்கிய இடத்தில் சிக்கிய துணுக்குகளைப் பொறுக்கிக்கொண்டிருப்பது வேறு. பழக்கத்துக்காக மிச்சத்துணியில் ஓட்டிப் பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பளபளப்பான வாரப் பத்திரிகைத் தாள் அதற்கும் வேண்டாம், அந்தப் பூச்சில் உள்ள களிமண் பொடி ஊசி முனையைத் தேய்த்துவிடும்.

அப்படியென்றால் எந்தப் பேப்பர்தான் நல்லது?

பட்டர் பேப்பர். ஸ்டேஷனரிக் கடையில் படம் வரைய விற்பார்களே, மெல்லிசாக, அடியில் இருப்பது தெரிகிற மாதிரி, அதுதான். மையில்லை, சாயமில்லை, துளை விழுந்த கோட்டில் சுத்தமாகக் கிழியும். டிசைனின் நடுக்கோட்டை அதிலேயே பென்சிலால் வரைந்து வைத்து மாட்டலாம் என்பது கூடுதல் வசதி. காட்டன், காக்கி, மெத்தை உறை மாதிரி நெருக்கமாக நெய்த, நீளாத துணியில் வேலை செய்யும்போது கடையில் விற்கும் கிழிக்கிற பேப்பருக்கு இது நல்ல மாற்று. ஒரு தாளுக்குப் பதில் இரண்டு தாள் வைத்து, ஒவ்வொன்றாகக் கிழியுங்கள். கிழிக்கும்போது ஒரு கை கட்டைவிரலால் தையலை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். பேப்பரோடு தையலையும் இழுத்தால், அத்தனை நேரம் காப்பாற்றிய வடிவம் கடைசி நிமிஷத்தில் போய்விடும்.

4 அங்குல ஃபிரேமில் 5,000 தையலுக்குள் அடங்குகிற டிசைனுக்குப் பட்டர் பேப்பர் போதும் என்பது என் கணக்கு. அதைத் தாண்டினால் துணியைத் தேடுங்கள். சமையலுக்கு விற்கும் வழுவழுப்பான பேக்கிங் ஷீட் வழுக்கும், வேண்டாம். ஜெராக்ஸ் எடுக்கிற ஏ4 தாள் கிழிக்கும்போது முரண்டு பிடிக்கும், சின்ன எழுத்தின் உள்வளைவில் சிக்கிக்கொண்டு வராது. நோட்டுப் புத்தகத் தாளில் கோட்டு மை இருக்கிறது. கிப்ட் பேப்பரோடு வரும் கலர் டிஷ்யூ ஈரம் பட்டால் சாயம் விடும், வெள்ளை டிஷ்யூ மட்டும் எடுங்கள்.

வெளிநாட்டு வீடியோக்களில் காபி ஃபில்டரையும் டிரையர் ஷீட்டையும் வைக்கிறார்கள். நாம் என்ன செய்வது?

அங்கே காபி வடிகட்ட ஒருமுறை பயன்படுத்தி எறிகிற பேப்பர் ஃபில்டர் எல்லா வீட்டிலும் இருக்கும். ஈரத்தைத் தாங்குகிற நல்ல நார்ப் பேப்பர் அது, அதனால் சின்ன டிசைனுக்குத் தாங்குகிறது. டிரையர் ஷீட் என்பது துணி உலர்த்தும் மெஷினில் மென்மைக்கும் வாசனைக்கும் போடும் நான்-ஓவன் துண்டு. பயன்படுத்திய பிறகு அதை அடியில் வைக்கிறார்கள். நாம் இவற்றைத் தேடி வாங்க வேண்டியதில்லை. முதலாவதின் இடத்தில் பட்டர் பேப்பர், இரண்டாவதின் இடத்தில் வேட்டித் துணி.

ஜவுளிக்கடையில் கொடுத்த நான்-ஓவன் பை வீடு நிறையக் கிடக்கிறது. பார்க்க பேக்கிங் பேப்பர் மாதிரியே இருக்கிறதே?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பார்வைக்குத் துணி மாதிரி இருந்தாலும் அது பாலிப்ரொப்பிலீன், பிளாஸ்டிக்தான். உருக்கிய பிளாஸ்டிக்கை இழையாக இழுத்து, புள்ளி புள்ளியாகச் சூடுவைத்து ஒட்டுகிறார்கள். கையில் எடுத்துப் பாருங்கள், அந்தப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். இழை நீளமானது என்பதால் ஊசித் துளைக்குப் பொடியாது, கிழியாது. சுற்றி வெட்டிவிட்டு உள்ளே விடுகிற வகையின் வேலையைத் தைக்கிற நேரத்தில் நன்றாகவே செய்யும். 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி இந்தப் பைகள் 60 ஜிஎஸ்எம்முக்கு, அதாவது சதுர மீட்டருக்கு 60 கிராமுக்குக் குறையக் கூடாது. எடை என்று பார்த்தால் நல்ல பேக்கிங் பேப்பர் அளவுதான். தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலும் கேரளாவில் 2020 ஜனவரியிலும் பிளாஸ்டிக் தடை வந்த பிறகும், பழைய பைகள் மடித்து வைத்தது வைத்தபடி வீடுகளில் இருக்கின்றன.

சிக்கல் இஸ்திரியில் வருகிறது. பாலிப்ரொப்பிலீன் 160 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகிவிடும், அதற்கு முன்பே இளகிச் சுருங்கும். பருத்திக்கு வைக்கிற இஸ்திரிச் சூடு 200 டிகிரிப் பக்கம். நீங்கள் வீட்டில் கவனமாகச் சூட்டைக் குறைத்துப் போடலாம். வாங்கிப் போனவர்கள் தெருமுனை இஸ்திரி வண்டியில் கொடுப்பார்கள். கரிப்பெட்டிக்குச் சூட்டு அளவு ஏது? பின்னாலிருக்கும் பை உருகிக் கட்டியாகி, மேலே போட்ட பூவைச் சுருட்டிவிடும். அந்த ரவிக்கையைப் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

ஆகவே உடுத்துகிற எதற்கும் வேண்டாம். வாசல் தோரணம், சுவரில் மாட்டும் படம், கைப்பை, மொபைல் உறை மாதிரி இஸ்திரிக்கே போகாத பொருள்களுக்கு வைக்கலாம். கடைப் பெயர் அச்சடித்த பகுதியை வெட்டிக் கழித்துவிடுங்கள், மை உரசி ஒட்டும். வெயிலில் கிடந்த பையை எடுக்காதீர்கள். வெயில் பட்ட பாலிப்ரொப்பிலீன் நாளடைவில் தானாகவே பொடிப்பொடியாக உதிரும். கையிலிருப்பது பருத்தியா பிளாஸ்டிக்கா என்று சந்தேகம் வந்தால், ஒரு சின்ன நுனியை இடுக்கியில் பிடித்துத் தீயருகே காட்டுங்கள். பருத்தி எரிந்து சாம்பலாகும், பிளாஸ்டிக் சுருண்டு உருகிச் சொட்டும்.

மிச்சமிருக்கிற சர்ஜிக்கல் மாஸ்க்?

அதுவும் பெரும்பாலும் இதே பாலிப்ரொப்பிலீன்தான். மேலே சொன்ன எல்லாம் பொருந்தும். அளவும் ஃபிரேமுக்குப் போதாது.

டவலில் பெயர் போடும்போது எழுத்து நூலுக்குள் மூழ்கிவிடுகிறது. மேலே பால் கவர் வைத்துத் தைக்கலாமா?

டர்க்கி டவலில் நிற்கிற கண்ணிகள் தையலுக்கு நடுவே எட்டிப் பார்க்கும், அவற்றை அமுக்கி வைக்க மேலே ஒரு மெல்லிய படலம் வேண்டும் என்ற எண்ணம் சரிதான். பால் கவர் அதற்கு ரொம்பத் தடிமன். வேகமாக ஓடும் ஊசி சூடாகி, பிளாஸ்டிக் இளகி ஊசியில் ஒட்டும், பிறகு நூல் அறுந்துகொண்டே இருக்கும். சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடுகிற மெல்லிய க்ளிங் ஃபிலிம் கொஞ்சம் தேவலாம், வேகத்தைக் குறைத்து ஓட்டினால் வரும். ஆனாலும் தையலுக்கு அடியில் மாட்டிய பிளாஸ்டிக் அங்கேயே இருக்கும், ஒவ்வொரு துவைப்பிலும் துணுக்காக வெளியே வரும். குழந்தை முகம் துடைக்கிற துண்டில் அதை வைக்க எனக்கு மனம் வராது. வெள்ளை டிஷ்யூ பேப்பரை மேலே வைத்து, எழுத்து கொஞ்சம் தடிமனான டிசைனாக எடுத்துத் தைத்து, பிறகு ஈரக் கையால் தேய்த்து எடுத்துவிடுங்கள். நுணுக்கமான எழுத்து என்றால் தண்ணீரில் கரையும் ஃபிலிமை வாங்கியே வையுங்கள்.

டி-ஷர்ட்டுக்கு?

பேப்பர் கூடவே கூடாது. பனியன் துணி நீளும், பேப்பர் நீளாது, துளை விழுந்ததும் விட்டுவிடும். இரண்டு அடுக்கு வேட்டித் துணி, நான் சொன்னபடி ஒன்று நேர், ஒன்று மூலைவாக்கு, வைத்து ஓட்டினால் வீட்டில் உடுத்துகிற டி-ஷர்ட்டுக்குத் தாங்கும். ஃபிரேமில் வேட்டித் துணியை மட்டும் மாட்டி, டி-ஷர்ட்டை அதன் மேல் இழுக்காமல் விரித்து, டிசைனைச் சுற்றி ஓட்டுத்தையல் போட்டுக்கொள்ளுங்கள். ஊசியும் முனை மழுங்கிய பால் பாயிண்ட் ஊசியாக இருக்கட்டும், கூர் ஊசி கண்ணியை அறுத்து ஓட்டை போடும். யூனிஃபார்ம் டி-ஷர்ட் ஆர்டர் என்றால் கடை ஸ்டெபிலைசர்தான்.

பட்டு, ஜார்ஜெட், ஷிஃபான்?

பட்டில் கஞ்சி வேண்டாம், தண்ணீர்த் திட்டு விழும். இந்த மூன்றுக்குமே ஆர்கன்சா வெட்டுத்துண்டு நல்ல துணை. துப்பட்டா, ரவிக்கை தைத்த மிச்சம் எந்த டெய்லர் கடையிலும் மூட்டையாகக் கிடக்கும். நெய்த துணி, நீளாது, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. மேல்துணி நிறத்திலேயே தேடி எடுத்துவிட்டால் வெட்டின ஓரம்கூடத் தெரியாது. பாலியஸ்டர் ஆர்கன்சா என்றால் இஸ்திரிச் சூட்டைக் குறைவாக வையுங்கள், எப்படியும் பட்டுக்கும் ஜார்ஜெட்டுக்கும் குறைந்த சூடுதான். ஆர்கன்சாவின் வெட்டிய ஓரம் குத்தும், ரவிக்கைக்கு உள்ளே லைனிங் கொடுத்து மூடிவிடுங்கள்.

துணியே இல்லாமல் நூலால் மட்டும் லேஸ் போடுகிறார்களே, அதற்கு வீட்டுப் பொருள் உண்டா?

இல்லை. அது முழுக்கத் தண்ணீரில் கரைகிற நார் வகை ஸ்டெபிலைசரில்தான் வரும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும், ஒரு துணியில் எம்பிராய்டரி போட்டு, அந்தத் துணியை மட்டும் ரசாயனத்தில் கரைத்து இந்த லேஸைச் செய்தார்கள். அந்த ரசாயனத்தின் இடத்துக்குத்தான் இன்று வெறும் தண்ணீர் வந்திருக்கிறது. கஞ்சி போட்ட துணி கரையாது, பேப்பர் தாங்காது.

துணியையும் அடித்துண்டையும் ஒட்டிக்கொள்ள ஸ்ப்ரே இல்லை. மைதா பசை தடவலாமா?

தண்ணீராகக் காய்ச்சி, ஓரங்களில் மட்டும் தொட்டு வைத்து, முழுதாகக் காய்ந்த பிறகு தைத்தால் பரவாயில்லை. பள்ளிக் குழந்தைகளின் குளூ ஸ்டிக்கும் ஓரத்துக்கு நல்லது. டிசைன் விழுகிற இடத்தில் எந்தப் பசையும் வேண்டாம். மரத்துக்கு ஒட்டுகிற வெள்ளைப் பசை காய்ந்தால் துவைத்தாலும் போகாது. இரட்டைப் பக்க டேப் மேல் ஊசி போனால் கோந்து ஊசிக் கண்ணில் ஏறும். என்னைக் கேட்டால், கையால் பெரிய பெரிய ஓட்டுத்தையல் போட்டுக்கொள்வதுதான் எல்லாவற்றையும்விட நிம்மதி.

இதையெல்லாம் வைத்தால் மெஷின் கெட்டுப்போகுமா?

பேப்பர் தூசுதான் எதிரி. பேப்பர் வைத்து ஓட்டிய அன்றைக்கே ஊசித் தட்டைக் கழற்றி, பாபின் கேஸைச் சுற்றி பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். வாயால் ஊதாதீர்கள், ஈரத்தோடு தூசு உள்ளேதான் போகும். 11-ஆம் நம்பர் எம்பிராய்டரி ஊசி துணியில் ஓடினால் எட்டு மணி நேர ஓட்டம் வரை தாங்கும், பேப்பர் என்றால் அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். ஊசி இறங்கும்போது டொக் டொக் என்று சத்தம் கேட்டால் முனை போய்விட்டது. கஞ்சித் துணியில் ஓட்டும்போதும் ஊசியை அவ்வப்போது ஈரத்துணியால் துடையுங்கள்.

காசு வாங்கிச் செய்கிற ஆர்டருக்கு இதை வைக்கலாமா?

வேட்டித் துணியும் ஆர்கன்சாவும் தாராளமாக வைக்கலாம், அதில் குறை ஒன்றுமில்லை. பட்டர் பேப்பர், கெட்டியான துணியில் சின்ன டிசைனுக்கு வைக்கலாம். பள்ளி யூனிஃபார்ம் பேட்ஜ், கம்பெனி சட்டை லோகோ மாதிரி வாரம் முழுக்கத் துவைத்து இஸ்திரி போடுகிற பொருளுக்குக் கடை ஸ்டெபிலைசர்தான் வைக்க வேண்டும். ஐம்பது சட்டையிலும் ஒரே மாதிரி வர வேண்டும், வேட்டித் துணியில் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு விதமாக நைந்திருக்கும்.

எதுவானாலும் அதே துணியின் மிச்சத்தில் ஒரு வட்டமும் ஒரு சதுரமும் போட்டு, சுற்றி அவுட்லைன் ஓட்டிப் பாருங்கள். வட்டம் வட்டமாகவே இருக்கிறதா, அவுட்லைன் ஓரத்தில் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்த பிறகு, அந்தத் துண்டைத் துவைத்துக் காயவைத்து இஸ்திரியும் போட்டுப் பாருங்கள். ஃபிரேமிலிருந்து கழற்றும்போது எல்லாமே அழகாகத்தான் இருக்கும், துவைத்த பிறகு தெரிவதுதான் நிஜம்.

தண்ணீரில் கரையும் ஸ்டெபிலைசரில் வெட்டிக் கழித்த துணுக்குகளை எறிந்துவிடலாமா?

எறியாதீர்கள். ஒரு பாட்டிலில் போட்டுச் சேர்த்து வையுங்கள். ஒரு கைப்பிடி சேர்ந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கரைத்தால் கஞ்சிப் பதத்தில் ஒரு திரவம் கிடைக்கும். அதை மெல்லிய பருத்தியில் பிரஷ்ஷால் தடவிக் காயவைத்துத் தைக்கலாம். சோளமாவுக் கஞ்சியைவிட விறைப்பாக நிற்கும், பூச்சியும் வராது. துணுக்குகள் காற்றுப் படாமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் மழைக்காலத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். மூடி இறுக்கமான ஹார்லிக்ஸ் பாட்டில் இதற்குச் சரியாக இருக்கும்.